அல்ஃப்ரிஸ்டன் குருமனையின் நடுப்பகுதி ஏன் உள்வாங்கியிருக்கிறது?

இங்கிலாந்தின் கிழக்கு சசெக்ஸில், அல்ஃப்ரிஸ்டன் என்ற சிற்றூரில் இருக்கும் பழைய குருமனையின் (பாதிரியார் இல்லம் என்று பெயர் பெற்ற வீட்டின்) படத்தைப் பார்த்துவிட்டு மூன்று சந்தேகங்கள் கேட்டிருக்கிறீர்கள். முகப்பின் நடுப்பகுதி மட்டும் உள்ளே தள்ளியிருப்பது இடித்துத் திரும்பக் கட்டியதாலா? பாதிரியார்களுக்கென்றே கட்டிய வீடுதானா? தரையில் புளித்த பாலை ஊற்றினார்கள் என்பது நம்பக்கூடியதா? மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் நீங்கள் கேட்பது ஒன்றுதான்: இவ்வளவு பழைய வீட்டில் எது முதல் நாளிலிருந்தே இருப்பது, எது பிற்பாடு வந்தது என்பதை எதை வைத்துச் சொல்வது? வீட்டின் பெயரை வைத்துச் சொன்னால் தவறிவிடும். மரச்சட்டத்தை வைத்துச் சொன்னால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். பழைய மரச்சட்ட வீடுகளைப் பழுதுபார்ப்பவர்கள் எந்த வரிசையில் பார்ப்பார்களோ அதே வரிசையில் சொல்கிறேன்.

முதல் சந்தேகத்துக்கு உறுதியாகவே பதில் சொல்லலாம். நடுப்பகுதி இடிந்து பின்வாங்கியதல்ல, அப்படித்தான் கட்டினார்கள். கென்ட், சசெக்ஸ் பகுதிகளில் பரவிய இந்த வீட்டு வகைக்கு, அங்குள்ள வீல்ட் என்ற நிலப்பகுதியின் பெயரால் 'வீல்டன்' வீடு என்று பெயர். 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இதைக் கட்டினார்கள். நடுவில் தரையிலிருந்து கூரை முகடு வரை தளமே இல்லாத ஒரு கூடம். அதன் இரு பக்கமும் மாடியுள்ள அறைகள். மாடி அறைகளின் உத்திரங்கள் கீழ்ச்சுவரைத் தாண்டி ஒன்றரை, இரண்டடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்; மேல்தளச் சுவர் அந்த நீட்டலின் நுனியில் நிற்கும். கூடத்துக்கு மாடி கிடையாது, ஆகவே அங்கே வெளியே நீட்ட உத்திரமும் கிடையாது. அதன் சுவர் தரையில் தொடங்கிய இடத்திலேயே நேராக மேலே போய்விடும். ஆனால் மொத்த வீட்டுக்கும் ஒரே கூரைதான். அதனால் கூரையைத் தாங்கும் சுவர்த்தலை மரம் ஒரு மாடியின் முகப்பிலிருந்து மறு மாடியின் முகப்புக்கு நேர்கோட்டில் ஓடும். கூடத்தின் எதிரே வரும்போது அதற்குக் கீழே சுவர் இருக்காது. அந்தரத்தில் போகும் அந்த மரத்தைத் தாங்கத்தான் இருபுறமும் வில் போல் வளைந்த தாங்கு மரங்கள். நீங்கள் படத்தில் கண்ட வளைவுகள் அவைதான். அலங்காரத்துக்காக வைத்தவை என்று பலர் நினைக்கிறார்கள். கூரையின் பாரம் அவற்றின் மேல்தான் இறங்குகிறது. இந்த அமைப்பால் இன்னொரு பலனும் உண்டு. கூடத்தின் சுவருக்கு முன்னால் கூரை இரண்டடி நீண்டு நிற்பதால் மழை அந்த மண் சுவரில் நேரடியாக அடிப்பதில்லை.

சரி, கூடத்துக்கு ஏன் மாடி போடவில்லை? நெருப்புக்காக. அக்காலத்துக் கூடத்தில் புகைபோக்கி கிடையாது. தரை நடுவே திறந்த அடுப்பில் விறகு எரியும். புகை மேலே எழுந்து கூரைக்கடியில் தேங்கி, முகட்டின் இரு முனைகளிலும் விட்ட சிறு முக்கோண இடைவெளிகளின் வழியே மெல்ல வெளியேறும். ஜன்னல்களில் கண்ணாடி இருக்காது. சதுரக் கம்பு போன்ற மரங்களை மூலைவாட்டில் திருப்பி வரிசையாக நட்டு, உட்பக்கம் பலகைக் கதவால் மூடிக்கொள்வார்கள். கூடத்தின் ஒரு கோடியில் எதிரெதிரே இரண்டு வாசல்கள், அவற்றைச் சேர்க்கும் குறுக்கு நடை. நடைக்கு அப்பால் உணவும் பானமும் வைக்கும் இரண்டு அறைகள். மறு கோடியில் வீட்டுத் தலைவர் அமரும் மேடைப்பக்கம். அதற்கும் அப்பால் குடும்பத்தின் தனியறை, மேலே படுக்கையறை. வீட்டின் எந்த உறுப்பை எடுத்தாலும் இந்த ஒரே நெருப்பும் ஒரே கூரையும்தான் அதன் காரணமாக வந்து நிற்கும்.

கூடத்துக்குள் போனால் முதலில் தலையை நிமிர்த்திப் பாருங்கள். சுவருக்குச் சுவர் குறுக்கே ஒரு கனத்த விட்டம் போகும். அது நடுவில் சற்று மேல்நோக்கி வளைந்திருக்கும். இந்த வகை வீடுகளில் அகலம் பொதுவாக 18 முதல் 20 அடி. விட்டத்தின் நடுவில் ஒரு குட்டைத் தூண் நிற்கும். ஆனால் அது முகட்டைத் தொடாது. கைமரச் சோடிகளைக் குறுக்கே பிணைக்கும் சட்டங்களுக்குச் சற்றுக் கீழே, நீளவாக்கில் ஓடும் ஒரு மரத்தைத் தாங்கி அங்கேயே நின்றுவிடும். கைமரங்கள் வரிசையாக ஒரே பக்கம் சாய்ந்துவிடாமல் பிடித்துவைப்பது அந்த நீள மரம். தூணின் தலையிலிருந்து நான்கு பக்கமும் கிளைக்கும் தாங்கு மரங்கள் அதை இறுக்குகின்றன. அந்த ஊர்த் தச்சர்கள் இதில்தான் கைத்திறனைக் காட்டினார்கள். தூணின் அடியிலும் தலையிலும் வரிவரியாகச் செதுக்கியிருப்பார்கள்.

பிறகு மரத்தின் நிறத்தைப் பாருங்கள். திறந்த அடுப்பு எரிந்த கூடத்தின் கைமரங்கள் கரி படிந்து கறுத்திருக்கும். பக்கத்து அறைகளின் மேல் இருப்பவை அந்த அளவு கறுத்திருக்காது, ஏனென்றால் இடையில் தடுப்பு இருந்தது. கறுத்த மரத்தின் நடுவே ஒரு துளை வெட்டி, அந்த வெட்டின் உட்பக்கம் கரியில்லாமல் வெளுத்திருந்தால், அடுப்புக் காலம் முடிந்த பிறகு யாரோ அங்கே எதையோ செருகியிருக்கிறார்கள் என்று பொருள். பெரும்பாலும் அது 16-ஆம் நூற்றாண்டில் புகைபோக்கி கட்டியதை ஒட்டி வந்த மாடித் தளமாக இருக்கும். இப்போது மரம் எதையும் வாங்காமல் காலியாக நிற்கும் துளைகளையும் கவனியுங்கள். ஒரு மரத்தின் அடிப்பக்கம் மூலைவாட்டில் திரும்பிய சதுரக் குழிகள் வரிசையாக இருந்தால் அங்கே ஒரு காலத்தில் கண்ணாடியில்லாத ஜன்னல் இருந்தது. தச்சர்கள் கீறிய ரோமன் எண்களும் உதவும். சட்டத்தை ஒரு களத்தில் தரையில் படுக்கவைத்து அளந்து வெட்டி, ஒவ்வொரு இணைப்பிலும் எண் போட்டு, பிரித்து, வண்டியில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். வரிசை எங்கே தவறுகிறதோ அங்கே மரம் மாற்றப்பட்டிருக்கலாம், அல்லது அந்தப் பகுதி தனியாகச் சேர்க்கப்பட்டிருக்கலாம்.

இணைப்புகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைய பழுதுபார்ப்பில் தவறு நடப்பதே இங்கேதான். ஓக் மரத்தை வெட்டிய ஈரத்தோடு இழைத்தார்கள். காய்ந்துவிட்டால் உளி இறங்காது. ஒரு மரத்தின் முனையில் நாக்கு போல் செதுக்கிய கழுந்தை இன்னொரு மரத்தின் துளையில் செருகி மர ஆணி அடிப்பதுதான் எல்லா இடத்திலும். ஆனால் கழுந்திலுள்ள ஆணித்துளையும் வெளிமரத்தின் ஆணித்துளையும் நேர்கோட்டில் இருக்காது. 3 மில்லிமீட்டர் அளவு வேண்டுமென்றே விலக்கித் துளைப்பார்கள். கூர்நுனி கொண்ட காய்ந்த ஆணி உள்ளே போகப் போக அது கழுந்தை இழுத்து இணைப்பை இறுக்கும். ஓக்கில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைய உண்டு. அது இரும்பை அரித்துவிடும், மரத்திலும் நீலக் கறுப்புக் கறை படியும். இத்தகைய இணைப்பில் சாதா இரும்பு போல்ட்டைச் செருகுவது அதனால்தான் கெடுதல். சட்டத்தின் அடியில் படுத்திருக்கும் அடிமரம் உளுத்துப்போனால் உளுத்த துண்டை மட்டும் நறுக்கி, நல்ல ஓக் துண்டை நீளவாக்கில் ஒட்டுப்போட்டு மர ஆணியால் பூட்டுவதே முறை. பழையதை எவ்வளவு விட்டுவைக்க முடியுமோ அவ்வளவு விட்டுவைக்க வேண்டும்.

சுவர் என்பது சட்டத்துக்கு இடையே நிரப்பிய மண்தான். பிளந்த ஓக் குச்சிகளின் மேல் நுனியை மேல்மரத்திலுள்ள குழிகளில் செருகி, கீழ் நுனியைக் கீழ்மரத்தில் வெட்டிய பள்ளத்தில் தள்ளி நிறுத்துவார்கள். அவற்றின் குறுக்கே ஹேசல் என்ற செடியின் வளையும் கொம்புகளை முன்னும் பின்னுமாகப் பின்னுவார்கள். களிமண், நறுக்கிய வைக்கோல், சாணம் மூன்றையும் மிதித்துக் குழைத்த சேற்றை இருவர் இரு பக்கமும் நின்று ஒரே நேரத்தில் அடித்து அழுத்துவார்கள். ஒருவர் மட்டும் அடித்தால் மறுபக்கம் பிடிப்பில்லாமல் உதிரும். காய்ந்தபின் மெல்லிய சுண்ணாம்பு நீரை நான்கைந்து தடவை பூசுவார்கள். ஓக் சுருங்கச் சுருங்க மண் பலகைக்கும் மரத்துக்கும் நடுவே விரல் நுழையும் சந்து உண்டாகும். அந்தச் சந்தைச் சிமெண்டால் அடைத்தால் மழைநீர் அதன் பின்னால் இறங்கி, வெளியேற வழியில்லாமல் அடிமரத்தில் தேங்கும். சில ஆண்டுகளில் மரம் பூஞ்சை பிடித்து மெத்தென்றாகும். அதன் பிறகு ஓக்கைத் துளைக்கும் 'டெத் வாட்ச்' வண்டு வரும். அந்த வண்டு காய்ந்த நல்ல ஓக்கை அவ்வளவாகத் தொடுவதில்லை. ஈரம்பட்டு இளகிய மரத்தைத்தான் தேடும். ஆகவே மருந்தடிப்பதைவிட ஈரத்தை நிறுத்துவது முக்கியம். சந்தை மயிர் கலந்த சுண்ணாம்புச் சாந்தால் அடைக்க வேண்டும்; அது சட்டத்தோடு சேர்ந்து சற்று அசைந்து கொடுக்கும், ஈரத்தையும் வெளியே விடும். நெகிழிப் பெயிண்ட் பூசுவதும் சிமெண்ட் வேலையைத்தான் செய்யும்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இங்கே உறுதியானதும் சந்தேகமானதும் கலந்திருக்கின்றன. வீடு செயின்ட் ஆண்ட்ரூ தேவாலயத்தை ஒட்டி நிற்கிறது, திருச்சபையின் சொத்தாக இருந்தது, குருமார்கள் வாழும் வீடாகவும் பயன்பட்டது. இவ்வளவும் உறுதி. அவர்களுக்காகவே திட்டமிட்டுக் கட்டினார்களா என்றால், கட்டடம் அதற்குச் சாட்சி சொல்லவில்லை. இதே கூடம், இதே மேடைப்பக்கம், இதே குறுக்கு நடையோடு வசதியான உழவர்கள் வீடு கட்டிக்கொண்டார்கள். வீல்டன் வகை பெரும்பாலும் அவர்களுடையதுதான். தேவாலயத்துக்கு அருகில் இருப்பதும் தனியாக எதையும் நிரூபிக்காது, ஏனென்றால் ஊரின் நல்ல நிலம் பெரும்பாலும் கோயிலைச் சுற்றியே இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க சாமர்செட்டில் மச்செல்னி என்ற ஊரின் குரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்த துறவியர் மடம் பங்குக் குருவுக்காகவே 1308-இல் அமைத்தது என்று ஏற்கப்படும் வீடு அது. கல்லால் கட்டியது, மேலே வைக்கோல் கூரை. ஆனால் உள்ளே அதுவும் கூடமும் இரு கோடி அறைகளும்தான். ஆக, குருவுக்கென்றே கட்டினாலும் அக்காலத்தில் தனி வடிவம் கிடையாது; நடுத்தர வசதியுள்ள உழவரைப் போலவே அவரும் வாழ்ந்தார். அல்ஃப்ரிஸ்டன் வீட்டை 'உழவர் வீட்டு அமைப்பில் உள்ள, குருமார்கள் பயன்படுத்திய வீடு' என்று சொல்வதுதான் நேர்மை என்பது என் கணிப்பு.

வயதைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. பல இடங்களில் '14-ஆம் நூற்றாண்டு' என்றும், சிலவற்றில் '1350' என்றும் படிப்பீர்கள். முதலாவது பொதுவாகப் பொருந்தும். 1350 என்பதைத் துல்லியமான ஆண்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த வகை வீடுகள் பெருகியதே அந்த நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான். துல்லியமான ஆண்டு வேண்டுமென்றால் மரவளையத்தை எண்ணுவதுதான் வழி. மரத்தில் விரல் தடிமனுக்கு ஒரு நீண்ட துளையிட்டு மாதிரி எடுப்பார்கள். குறைந்தது ஐம்பது வளையமாவது இருக்க வேண்டும், பட்டைக்கு உட்பட்ட வெளிறிய மரமும் வேண்டும். அது செதுக்கப்பட்டுப் போயிருந்தால் வெட்டிய ஆண்டைச் சொல்ல முடியாது, ஒரு வரம்பைத்தான் சொல்லலாம். வேறு கட்டடத்திலிருந்து எடுத்துப் போட்ட பழைய மரமாக இருந்தால் கணக்கு முற்றிலும் ஏமாற்றும். ஒரே வீட்டுக்கு இரண்டு வயதும் இருக்கலாம். மேற்கு சசெக்ஸில் சிங்கிள்டன் ஊரின் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் பேலீஃப் என்ற வீல்டன் வீட்டைப் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். அதன் கூடம் 15-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. மேடைப்பக்கத்து அறைகள் சுமார் நூறு ஆண்டுகள் கழித்து, 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேர்ந்தவை. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மூச்சில் கட்டியது போலவே இருக்கும்.

இந்த வீடு பத்து பவுண்டுக்கு விற்கப்பட்ட விவரத்தையும் இதோடு சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்று நாம் பார்க்கும் வீட்டின் தோற்றத்துக்கு அதில் பங்குண்டு. 19-ஆம் நூற்றாண்டில் இது கூலித் தொழிலாளர் குடித்தனமாகி, சிதைந்து, 1880-களில் இடித்துவிடலாம் என்ற நிலைக்கு வந்தது. ஊர்க் குருவாக இருந்த பெய்னன் அதை எதிர்த்து, வடிவமைப்பாளரும் எழுத்தாளருமான வில்லியம் மாரிஸ் 1877-இல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தின் உதவியை நாடினார். கடைசியில் 1896-இல், பழைய கட்டடங்களையும் இயற்கை நிலங்களையும் பாதுகாக்கும் நேஷனல் ட்ரஸ்ட் என்ற அமைப்பு அதைத் திருச்சபைச் சொத்து ஆணையர்களிடமிருந்து 10 பவுண்டுக்கு வாங்கியது. 'ட்ரஸ்டின் முதல் சொத்து' என்று சிலர் எழுதுவது தவறு. முதலில் கிடைத்தது 1895-இல் வேல்ஸில் பார்மத் ஊருக்கு மேலே இருக்கும் மலைச்சரிவு நிலம், அதுவும் கொடையாக. இந்த வீடு அது விலை கொடுத்து வாங்கிய முதல் கட்டடம். 10 பவுண்ட் பெயரளவு விலைதான். உண்மையான செலவு பழுதுபார்ப்பில் இருந்தது. அதற்காக ட்ரஸ்டின் நிறுவனர்களில் ஒருவரான ஒக்டேவியா ஹில் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டினார், ஆல்ஃபிரெட் பவல் என்ற கட்டடக் கலைஞர் வேலையைக் கவனித்தார். பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தின் கொள்கை, கட்டடத்தைக் கற்பனையான 'ஆதி நிலைக்கு' திருப்பாமல், இப்போது இருப்பதைத் தாங்கிப் பிடிப்பது. அதே காலத்தில் வேறு எத்தனையோ பழைய வீடுகளை மரத்துக்குக் கறுப்பும் மண் பலகைக்கு வெள்ளையும் அடித்து 'பழமையாக' ஆக்கினார்கள். தென்கிழக்கு இங்கிலாந்தில் பழங்காலத்தில் அது வழக்கமே அல்ல. ஓக்கை வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கு மங்க விட்டார்கள், அல்லது சுவரோடு சேர்த்துச் சுண்ணாம்பு அடித்தார்கள்.

இப்போது தரை. கூடத்தில் இருப்பது இடித்து இறுக்கிய சுண்ணப்பாறைத் தூள். புளித்த பாலால் மேற்பரப்பை அடைத்தது. இது கட்டுக்கதை அல்ல. வீட்டைச் சுற்றியுள்ள சவுத் டவுன்ஸ் குன்றுகளே அந்தப் பாறைதான், ஆகவே மூலப்பொருள் காலடியிலேயே கிடைக்கும். உடைத்த பாறையை ஈரமாக்கி அடுக்கடுக்காகப் பரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் திமிசு போட்டு இடித்து மட்டம் பார்ப்பார்கள். பாலிலுள்ள கேசின் என்ற புரதம் ஒட்டும் தன்மை கொண்டது. அது மேல்தூளைப் பிடித்துக்கொண்டு புழுதி எழாமல் தடுக்கும், தேய்த்தால் லேசாக மினுங்கும். இதன் பலம் அவ்வளவுதான். தண்ணீர் தேங்கினால் இளகிவிடும், குதிகால் செருப்பு குழி பறிக்கும், ஈரம் நின்றால் கேசினில் பூஞ்சை பிடிக்கும். இத்தகைய தரை தேயத் தேயப் புதுப்பிக்கப்படுவது. அதனால் நீங்கள் மிதிக்கும் மேற்பரப்பு இடைக்காலத்தது என்று எண்ண வேண்டாம், முறைதான் பழையது. இப்படி ஒரு தரைக்கடியில் நெகிழித் தாள் விரித்தால் ஈரம் எழாது என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. அந்த ஈரம் எங்கும் போகாது, பக்கவாட்டில் நகர்ந்து சுவரின் அடிமரத்துக்கு வரும். கக்மியர் ஆறு பக்கத்திலேயே ஓடும் இந்த இடத்தில் அது இன்னும் ஆபத்து.

கூரை வேய்ச்சலும் ஈரக் கணக்குதான். சரிவு 45 டிகிரிக்குக் குறைந்தால் தண்ணீர் வழியாமல் உள்ளே இறங்கும். 50-ஐ ஒட்டி இருப்பது நல்லது. தடிமன் ஓரடி அளவு. நீள வைக்கோல் என்றால் 15 முதல் 25 ஆண்டு தாங்கும், நாணல் அதைவிட நீடிக்கும். முகட்டை மட்டும் 10, 15 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இந்த வகைக் கூரைக்குப் பொதுவாக நீர்த்தாரை மாட்டுவதில்லை. ஆகவே சொட்டும் தண்ணீர் சுவரடியில் விழாதபடி தரை வெளிநோக்கிச் சரிய வேண்டும். அழகுக்காகச் சுவரை ஒட்டிப் பூச்செடிப் பாத்தி உயர்த்துவது மரச்சட்ட வீட்டுக்குச் செய்யும் பெரிய கெடுதல்களில் ஒன்று, ஏனென்றால் மண் அடிமரத்தைத் தொட்டதும் உளுப்பு தொடங்கிவிடும்.

கூடத்தில் ஓக் இலைச் செதுக்கல் ஒன்று இருக்கிறது. நேஷனல் ட்ரஸ்டின் ஓக் இலைச் சின்னம் இதைப் பார்த்தே பிறந்தது என்ற பேச்சைக் கேட்பீர்கள். செதுக்கல் உண்மை, சின்னம் 1930-களில் ஜோசப் ஆர்மிட்டேஜ் வரைந்தது. இரண்டுக்கும் தொடர்பு என்பது இருக்கக்கூடிய ஒன்று என்ற அளவில் வைத்துக்கொள்வது போதும். ஓக் இலை இங்கிலாந்தில் எங்கும் காணும் உரு.

நேரில் போக வாய்ப்பிருந்தால் முதலில் பேலீஃபையும் பிறகு அல்ஃப்ரிஸ்டனையும் பாருங்கள். பேலீஃபில் புகைபோக்கி இல்லாத கூடத்தையும் தரை நடுவே திறந்த அடுப்பையும் முழுமையாகக் காட்டியிருக்கிறார்கள். புகைக்கு எவ்வளவு உயரம் தேவைப்பட்டது என்பது அங்கே ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். அந்தக் கண்ணோடு அல்ஃப்ரிஸ்டன் கூடத்துக்கு வந்தால் எந்தக் கைமரம் கறுத்திருக்கிறது, எது கறுக்கவில்லை என்பதை நீங்களே பிரித்துச் சொல்வீர்கள்.